பிரட்ஃபோர்டன் ‘ஃப்ளீஸ் இன்’: ஊர் பப் ஒன்றை முகப்பை மட்டும் பார்த்து எடை போடலாமா?

மரச்சட்டம் (இழையைத் தொடங்கியவர்)

போன சனிக்கிழமை இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் ஈவ்ஷம் பக்கத்தில் இருக்கும் பிரட்ஃபோர்டன் என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். ஊர் நடுவில் ‘ஃப்ளீஸ் இன்’ என்று ஒரு பழைய பப் இருக்கிறது. ஃப்ளீஸ் என்றால் ஆட்டின் உடலிலிருந்து ஒரே விரிப்பாகக் கத்தரித்து எடுத்த ரோமம். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கம்பளி வணிகத்தில் கொழித்த நிலம் என்பதால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் நின்ற அரை மணி நேரத்தில் பத்துப் பேராவது தெருவில் நின்று முகப்பைப் படம் எடுத்துவிட்டுக் காருக்குத் திரும்பினார்கள். மரச்சட்டமும் இடையில் வெள்ளைச் சுவரும் படத்துக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது இது: இந்தக் கட்டடத்தின் அருமை முகப்பில் இல்லை, உள்ளே இருக்கும் குறுக்குச் சுவர்களில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் ஒன்று. இதை யாரும் பப்பாகக் கட்டவில்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ட் என்ற குடும்பம் கட்டிய பண்ணை வீடு இது. ஒரே நீளக் கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் மாடுகள். அந்தக் காலத்து ‘லாங்ஹவுஸ்’ அமைப்பு. உரிமம் வாங்கி மது விற்கத் தொடங்கியதே 1848இல்தான். அதற்கு முன் நானூறு வருடத்துக்கும் மேல் அது வீடு. விற்கத் தொடங்கிய பிறகும் அதே வழிவந்தவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள், 1977 வரைக்கும்.

இதற்குச் சட்டப் பின்னணி உண்டு. 1830இல் வந்த பீர்விடுதிச் சட்டப்படி, வரி கட்டும் வீட்டுக்காரர் யாரும் 2 கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பண அளவு) கட்டணம் செலுத்தித் தன் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். உடனே நாடு முழுக்க முன்னறைகள் கடைகளாக மாறின. யாரும் புதுக் கட்டடம் எழுப்பவில்லை, கதவைத் திறந்து வைத்தார்கள். இங்கிலாந்தின் ஊர் பப்கள் பலவற்றில் நுழைந்தால் யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃப்ளீஸின் உள்ளே மூன்று சிறிய அறைகள். ‘பியூட்டர் அறை’யில் 17ஆம் நூற்றாண்டு வெள்ளீயத் தட்டுகளை அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1651 வூஸ்டர் போருக்குப் போகும் வழியில் நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல் படைச்செலவுக்குப் பொன் வாங்கிக்கொண்டு ஈடாகக் கொடுத்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ‘ப்ரூஹவுஸ்’ என்கிற அறை குடும்பம் பீர் காய்ச்சிய இடம். ‘டக்அவுட்’ முன்பு உணவுப்பொருள் வைத்த உள்ளறை. ஒவ்வொரு அறைக்கும் அதன் பழைய வேலைதான் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே நான் அதிக நேரம் நின்றது கணப்படுப்பின் முன்னால். கல்தரையில் சுண்ணாம்பு வெள்ளையில் வட்டங்கள் போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். கோட்டின் ஓரம் ஓரிடத்தில் தேய்ந்து, இன்னோர் இடத்தில் மறுபடி பூசித் தடித்திருந்தது. சூனியக்காரிகள் புகைபோக்கி வழியாக உள்ளே இறங்காமல் தடுக்க வரைந்த காவல் வட்டங்கள் அவை. கதவைத் தாழிடலாம், சன்னலைச் சாத்தலாம், புகைபோக்கியை மட்டும் மூட முடியாது. வீட்டில் எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரே வழி அதுதான். கட்டடத்தின் அந்தப் பலவீனமான இடத்தை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

---

வரைபலகை

அருமையான பதிவு நண்பரே. கோவையில் கட்டட வரைகலைஞராக வேலை செய்கிறேன், இங்கிலாந்து போனதில்லை. இரண்டு கேள்விகள்.

ஒன்று, அறுநூறு வருடம் ஒரு மரக் கட்டடம் எப்படி நிற்கிறது? நம்மூரில் நாட்டுத்தேக்கு உத்தரம் நூற்றைம்பது வருடம் தாண்டினாலே ஊரே வந்து பார்க்கும்.

இரண்டு, அந்தக் கறுப்பு வெள்ளை நிறம் முதலிலிருந்தே அப்படித்தானா?

---

சாந்துக்கரண்டி

வரைபலகை, இரண்டுக்கும் நான் சொல்கிறேன். பதினோரு வருடமாக இங்கே பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் சுண்ணாம்பு வேலை, இடையிடையே தச்சர்களோடு.

நிறத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கருநிறம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு மோகம். ஓக் மரத்தை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு வரும். பல இடங்களில் மரம், சுவர் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

இனி மரம். உலர்ந்த மரத்தில் இந்தச் சட்டங்களைச் செய்யவில்லை. வெட்டிய ஓக் பச்சையாக இருக்கும்போதே இழைத்துத் துளை போட்டு, கழுந்து (துளைக்குள் நுழையும் மரமுனை) செதுக்கிப் பொருத்திவிடுவார்கள். பச்சை ஓக் உளிக்கு நன்றாக இணங்கும், காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி ஆகிவிடும். மூட்டில் ஒரு துளை போட்டு, ஓக் மரத்திலேயே சீவிய மர ஆணியை அறைவார்கள். கழுந்திலுள்ள துளையும் வெளித்துளையும் நேர்க்கோட்டில் இருக்காது. வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். ஆணி உள்ளே போகப்போகக் கழுந்தை உள்ளிழுத்து இறுக்கும். பிறகு வருடக்கணக்கில் மரம் காய்ந்து சுருங்கும், முறுகும். இந்தக் கட்டடங்கள் கோணலாக நிற்பதற்கு அதுதான் காரணம். முதல் சில வருடங்களிலேயே கோணியதுதான் பெரும்பகுதி. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

இன்னொன்று, சட்டத்தைத் தச்சுப்பட்டறை முற்றத்தில் படுக்கவைத்து முழுதாகப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி வண்டியில் ஏற்றி, கட்ட வேண்டிய இடத்தில் நிமிர்த்துவார்கள். எந்தத் துண்டு எங்கே என்று குழப்பம் வரக்கூடாது என்பதால் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் ரோம எண்களைக் கீறி வைத்திருப்பார்கள். பழைய பப்பில் உட்கார்ந்தால் தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் கீறல் நிழலாக எழும்பும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கணம் அது.

சட்டங்களுக்கு இடையே இருக்கும் சுவர் நம்ம ஊர் வரிச்சுச் சுவர்தான். ஓக் குச்சிகளை நிறுத்தி, இடையே ஹேசல் என்ற மரத்தின் வளையும் கழிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்து இரு பக்கமும் அப்புவார்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. இந்தச் சுவருக்கு மூச்சு உண்டு. மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், காற்றில் விட்டுவிடும்.

அதைத்தான் சிமெண்டு கெடுக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஊர் பப்பில் வேலைக்குப் போனோம். முப்பது நாற்பது வருடம் முன்பு யாரோ ‘பலப்படுத்த’ச் சிமெண்டு பூசியிருந்தார்கள். வெளியே பார்த்தால் கல்லுபோல இருந்தது. தட்டியதும் பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னால் அடிச்சட்டம், எல்லாத் தூண்களும் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிடைமரம், ஈரச் சாக்குபோல என் விரல் நுழையும் அளவுக்குக் குழைந்து போயிருந்தது. ஐந்நூறு வருடம் நின்ற மரம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புழுங்கிச் செத்திருக்கிறது. அன்று மதியம் எங்கள் குழுவில் யாரும் அதிகம் பேசவில்லை.

---

நேர்ப்பேச்சு

எல்லாம் படித்தேன். ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். குடிக்கிற இடம்தானே இது? கோயில், தேவாலயம், நூலகம் என்றால் பாதுகாப்பதில் அர்த்தம் இருக்கிறது. மதுக்கடைக்கு இத்தனை கரிசனம் ஏன்? எங்கள் தெருவில் குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவன் நான்.

---

மரச்சட்டம்

நேர்ப்பேச்சு, நீங்கள் பார்த்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். நானும் குடிப்பதில்லை. அன்றைக்கு நான் வாங்கியது தேநீரும் ஒரு சாண்ட்விச்சும்தான். ஆனால் உங்கள் கேள்வி என் பேச்சை இன்னும் தெளிவாக்க உதவுகிறது.

அந்த ஊரின் தேவாலயத்தைக் கட்டியது செல்வாக்குள்ளவர்களின் பணம். பெரிய மாளிகையைக் கட்டியது நிலக்கிழார். நடுத்தர உழவர் குடும்பம் ஒன்று எந்த அறையில் சமைத்தது, எங்கே சாமான் வைத்தது, எந்த அடுப்புக்கு முன் பயந்து வட்டம் போட்டது என்று காட்டும் கட்டடங்கள் அரிது. அவற்றை இடித்து இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பப்பாக மாறிய வீடுகள் சில தப்பின. வருமானம் குறைவு, மாற்றிக்கட்டப் பணம் இல்லை, வாடிக்கையாளர்களும் மாற்ற விடவில்லை.

ஃப்ளீஸ் தப்பியதற்கு ஒரு பெண்மணி காரணம். லோலா டாப்ளின், அந்தக் குடும்பத்தின் கடைசி உரிமையாளர். 1977இல் இறக்கும்போது கட்டடத்தைப் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டார். உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக் கூடாது என்பதும் அவர் விருப்பமாம். அந்த விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டடத்தை மட்டும் கொடுக்கவில்லை, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுத்தார்.

நான் முதலில் சொன்ன குறுக்குச் சுவர்களுக்கு வருகிறேன். பப் என்றாலே நீளமான மேடை, பின்னால் ஊற்றித் தருபவர் என்றுதான் நினைக்கிறோம். அந்த மேடை 19ஆம் நூற்றாண்டில் பரவிய பழக்கம். அதற்கு முன், வீட்டுக்காரம்மா நிலவறைக்குப் போய்ப் பீப்பாயிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். அந்தப் பழைய முறை இன்றும் சில இடங்களில் இருக்கிறது. சஃபோக்கில் லாக்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ‘கிங்ஸ் ஹெட்’ பப்பில் மேடையே கிடையாது. பீப்பாய்கள் இருக்கும் அறையிலிருந்து நேரே பிடித்துத் தருகிறார்கள். கணப்பைச் சுற்றி உயரமான முதுகுப்பலகை வைத்த மர இருக்கைகள். அந்தப் பலகை காற்றைத் தடுக்கும், அறைக்குள் ஓர் அறையும் ஆகும். வூஸ்டர்ஷயரிலேயே டெஃபர்டு என்ற ஊரில் ஆப்பிள் மது விற்கும் ‘மங்கி ஹவுஸ்’ இருக்கிறது. இரண்டாக வெட்டிய கதவின் மேல்பாதியைத் திறந்து அதன் வழியாகவே கொடுக்கிறார்கள்.

1960, 70களில் நிறைய பப்களில் இந்தச் சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். ஒருவரே நின்று எல்லாரையும் கவனிக்கலாம், ஆள் செலவு மிச்சம். முகப்பைத் தொடவில்லை. ஆகவே தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் நடந்ததாகத் தெரியாது. உள்ளே போனால் உத்தரங்கள் மட்டும் தலைக்கு மேல் நீளும், எந்தச் சுவர் எங்கே இருந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. உயிர் போய்விட்ட உடம்பு அது.

---

தென்மராட்சி

வணக்கம் தம்பிமார். நான் 1986 முதல் பிரித்தானியாவில் இருக்கிறன், இப்ப பாத் பக்கம். மரச்சட்டம் தம்பி சொன்னதில் ஒரு விசயத்தைப் பிரிச்சுக் காட்ட விரும்புகிறன். எல்லாப் பழைய பப்பும் வீடாக இருந்து மாறியவை இல்லை. வழிப்போக்கருக்கெண்டே கட்டினதும் உண்டு.

எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான் நோர்ட்டன் செயின்ட் பிலிப் என்ற ஊர். அங்கே ‘ஜோர்ஜ் இன்’ இருக்கிறது. பக்கத்தில் ஹின்டன் மடம் எண்டு கார்த்தூசியத் துறவிகளின் மடம், 1232இல் நிறுவினது. அந்த ஊரில் வருடா வருடம் பெரிய கம்பளிச் சந்தை கூடும். சந்தைக்கு வாற வணிகர் தங்கவும் கம்பளி சேர்த்து வைக்கவும் மடம் எழுப்பின கட்டடம்தான் இது. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கினது.

தெருவில் நிண்டு பார்த்தால் கட்டடம் இரண்டாக வெட்டுப்பட்டது போலத் தெரியும். நிலத்தளம் முழுக்கக் கல். அதுக்கு மேலே மரச்சட்டத்தில் இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டும் கீழுள்ளதை விடத் தெருப்பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிக்கும். நடுவிலே வாசல் வளைவு. அது வழியாய் உள்ளே போனால் பின்முற்றம், அங்கே மரத்தாழ்வாரம். கொண்டுவந்த சுமைக்கும் தங்கிற ஆளுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கினம். வீடு இப்படி வளராது தம்பி. இது கணக்குப் போட்டுக் கட்டினது.

பிரபல நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1668 ஜூன் 12ஆம் திகதி பாத் போகும் வழியில் மனைவியோடும் வேலையாட்களோடும் இந்த ஊரில் நிண்டு சாப்பிட்டார். செலவு 10 சிலிங் எண்டு குறிச்சு வைச்சிருக்கிறார். 1685இல் மன்மத் கோமகனின் கலகப்படை பாத்திலிருந்து பின்வாங்கி இங்கே தங்கினது. ஜூன் 27ஆம் திகதி ஊரிலேயே சண்டை நடந்தது.

என்ர மகளுக்கு எட்டு வயசில் அங்கே கூட்டிக்கொண்டு போனன். பின்பக்கக் கல் சுழற்படியில் ஏறேக்க, படியின் நடுவில் குழி விழுந்திருக்கிறதைக் கண்டு “அப்பா, ஆர் இதைக் கிண்டினது?” எண்டு கேட்டாள். ஆரும் கிண்டேல்லை, நடந்தது தான் எண்டன். அவள் அந்தக் குழியிலேயே காலை வைச்சு வைச்சு ஏறினாள்.

---

வரைபலகை

தென்மராட்சி ஐயா, அந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

மரச்சட்டம், ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஐயா சொன்ன ஜார்ஜ் இன் முகப்பைப் பாருங்கள். மேல்தளம் துருத்தி நிற்பது வெறும் அலங்காரம் இல்லை. தளத்தின் உத்தரங்கள் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, நுனியில் மேல்சுவரின் எடையைத் தாங்குகின்றன. அந்த எடை நுனியை அழுத்துவதால் அறையின் நடுவில் உத்தரம் தொய்வது குறையும். மேலே இடமும் கொஞ்சம் கூடும். முகப்பு உள்கட்டமைப்பைத்தான் பேசுகிறது. முகப்பு முக்கியமில்லை என்றால் கட்டடத்தின் பேச்சில் பாதியை விட்டுவிடுகிறோம்.

---

மரச்சட்டம்

சரி, ஒப்புக்கொள்கிறேன். முகப்பு முக்கியமில்லை என்று சொன்னது மிகை. முகப்பு மட்டும் போதாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தென்மராட்சி அண்ணனின் திருத்தமும் சரி: வளர்ந்த வீடும் திட்டமிட்ட விடுதியும் வேறு வேறு.

ஆனால் இதையும் யோசியுங்கள். ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹிம்லி பக்கத்தில் ‘க்ரூக்கட் ஹவுஸ்’ இருந்தது. 1765இல் பண்ணை வீடாகக் கட்டி, பிறகு பப் ஆனது. கீழே சுரங்கம் வெட்டியதில் நிலம் இறங்கி, கட்டடத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தை விடச் சுமார் 4 அடி தாழ்ந்து நின்றது. உள்ளே கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருளுவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். எல்லாரும் அறிந்த கட்டடம், ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இல்லை. 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவு தீப்பிடித்தது, 7ஆம் தேதி தரைமட்டம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், முன்பிருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது.

திரும்பக் கட்டலாம். லண்டனில் 2015இல் அனுமதியில்லாமல் இடித்த ‘கார்ல்டன் டேவர்ன்’ என்ற பப்பை உத்தரவுப்படி மறுபடி எழுப்பி 2021இல் திறந்தார்கள். ஆனால் அது 1920களின் செங்கல் கட்டடம். நிலம் இறங்க இறங்க, ஒவ்வொரு தலைமுறையும் முட்டுக் கொடுத்துக் கொடுத்துக் கோணிய கட்டடத்தை எந்த வரைபடத்தை வைத்து மறுபடி கோணலாக்குவது?

---

சாந்துக்கரண்டி

முடியும், ஆனால் அது வேறு பொருள். அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் அடிப்படையே இதுதான்: பழசைப் புதுசாக்காதே, பழுதை மட்டும் பார், புதிதாகச் சேர்த்தது புதிது என்று தெரியட்டும். நாங்கள் அடிச்சட்டம் உளுத்த இடத்தில் முழு மரத்தையும் எடுப்பதில்லை. கெட்ட பாகத்தை மட்டும் வெட்டிவிட்டு, புது ஓக் துண்டைப் பழைய மரத்தோடு ஒட்டுமூட்டுப் போட்டு இணைப்போம். நிறம் பளிச்சென்று வேறாகத் தெரியும். தெரியட்டும். அதற்குச் சாயம் பூசிப் பழசாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஃப்ளீஸிலும் 2004 பிப்ரவரியில் பெரிய தீ. கட்டடம் மோசமாகச் சேதமானது. 2005 ஜூனில்தான் மறுபடி திறந்தார்கள். நேஷனல் டிரஸ்ட் கையில் இருந்ததால் இடித்துவிடலாமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

---

நேர்ப்பேச்சு

மது விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் மரச்சட்டம் சொன்ன உழவர் வீடு என்ற கோணத்தை நான் யோசிக்கவில்லை. அந்த வெள்ளை வட்டம் மனதிலேயே நிற்கிறது. என் ஆத்தா அடுப்படி வாசலில் தினமும் இரவு சாம்பலால் ஒரு கோடு இழுப்பார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இங்கிலாந்தில் இந்த வட்டங்களை யாராவது முறையாகப் பதிவு செய்கிறார்களா?

---

மரச்சட்டம்

செய்கிறார்கள். 2016இல் ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ அமைப்பு இத்தகைய காப்புக் குறிகளைக் கண்டால் படம் எடுத்து அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டது. கவராயத்தில் வரைந்த ஆறிதழ்ப் பூ, பின்னிய எழுத்துகள், மரத்தில் வேண்டுமென்றே சுட்ட தீத்தழும்பு எனப் பலவகை உண்டு. பெரும்பாலும் கதவு, சன்னல், அடுப்பு ஆகிய மூன்று இடங்களின் பக்கத்தில் தேட வேண்டும்.

உங்கள் ஆத்தாவின் கோட்டைப் பற்றி அடுப்படி எந்தத் திசை, கோடு எங்கிருந்து எதுவரை என்று நினைவிருக்கும்வரை எழுதி வையுங்கள், அண்ணா. வேறு இழையாகத் தொடங்கினால் நானும் வருகிறேன்.

சாந்துக்கரண்டி, மே கடைசியில் பிரட்ஃபோர்டனில் அஸ்பாரகஸ் என்ற காய்கறியின் ஏலம் நடக்கும், மறுபடி போகிறேன். இந்த முறை விளக்கைச் சாய்த்துப் பிடித்து உத்தர மூட்டுகளைப் பார்க்கிறேன். எண் கிடைத்தால் படம் போடுகிறேன்.

---

சாந்துக்கரண்டி

காலையிலேயே போங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் உத்தரத்துக்குக் கீழே நிற்க இடம் கிடைக்காது.